சுறாவும் முட்டையும் ஊர் சுற்றிய குடலும்

விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் என்பவள், பேராசிரியர் வாயால் சொல்லிவிட்டுப் போனதைக் கையால் அறுத்துக் காட்ட வேண்டியவள். பெருமை அவருக்கு, நாற்றம் இவளுக்கு. ஃபார்மலின் நெடியோடு பஸ் ஏறி, பக்கத்து இருக்கை தானாகக் காலியாவதைப் பார்த்த அனுபவம் உள்ளவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூட வரலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில், பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில். பிறந்த வீடு திருவள்ளூரில், அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளிக் கைங்கர்யம். அந்த வீட்டுப் பெண் வாரத்தில் ஐந்து நாள் சுறா மீனின் வயிற்றைக் கிழிக்கிறாள் என்பதை ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. எனக்கோ அந்த வேலையில் அப்படி ஒரு பைத்தியம். ஒரு வயிற்றைத் திறந்தால் உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் அடுக்கி வைத்தாற்போல இருக்குமே, அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தீபாவளிதான்.

கழுவிய சுறா

முதல் வருஷம் சுறாவின் ஜீரண மண்டலம் காட்டும் வகுப்பு. பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து பொன்னேரி சந்தையில் மீன் விற்கும் தேசம்மாவிடம் பால்சுறா சொல்லி வைத்திருந்தேன். அவளுக்கு இருபது வயது இருக்கும். வாய் ஓயாமல் பேசுவாள், சிரிப்பாள். "பசங்க படிக்கறதுக்கா டீச்சர்? அப்போ நல்ல மீனாத்தான் தரணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்ன நாளில் வந்தாள். கூடையைத் திறந்தேன். சுறாக்கள் பளபளவென்று இருந்தன. வயிறு நேர்த்தியாகக் கிழிக்கப்பட்டு, குடல், ஈரல், இரைப்பை எல்லாம் எடுத்தெறியப்பட்டு, உள்ளே உப்புத் தடவி இருந்தது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது மாணவர்கள் காத்திருக்கிறார்கள். குடலைக் காட்ட வேண்டிய வகுப்பில் குடலைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"வெயில்ல நாறிப்பூடும்னு, பசங்க பேஜாராவக் கூடாதேன்னு, நானே உக்காந்து ஒவ்வொண்ணா கழுவி எடுத்தாந்துக்கிறேன் டீச்சர்."

முழுச் சுறா

அடுத்த வருஷம் அதே வகுப்புக்கு வந்த கூடையில் ஒவ்வொரு சுறாவும் முழுசாக இருந்தது. வயிற்றில் ஒரு கீறல் இல்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பார்த்தாயா, இப்போதான் நீ சரியாக் கொண்டு வந்திருக்கே" என்று தட்டிக்கொடுத்தேன். தேசம்மா சிரிக்கவில்லை. கூடையைக் கவிழ்த்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். அப்புறம்தான் சொன்னாள். நடுவில் அவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, மூன்றாம் நாளே போய்விட்டதாம். தொப்புளில் மெல்லிய தோல் மூடிய ஒரு பை. அதற்குள்ளே குழந்தையின் குடல்.

கர்ப்பமாக இருந்தபோது சூரிய கிரகணம் வந்ததாம். அன்றைக்கு அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து மடவை மீன் அரிந்தாளாம். மீனின் குடலை எடுத்ததால் பிள்ளையின் குடல் வெளியே வந்துவிட்டது என்று ஊரே சொல்லிவிட்டது. மாமியார் நாகம்மாவும் அதைத்தான் சொன்னாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பது என்று முடிவாம். நாகம்மாவின் தம்பி மகள் ஒருத்தி தயாராக இருக்கிறாளாம்.

நான் பதறிப்போய், "அதெல்லாம் இல்லை தேசம்மா. கருவில் எல்லாருடைய குடலும் முதலில் வெளியேதான் வளரும், அப்புறம் உள்ளே போகும். உன் பிள்ளைக்குப் போகாமல் நின்றுவிட்டது. நீ ஒன்றும் செய்யவில்லை" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ கண்ணால பாத்தியா டீச்சர்?"

ஆத்துக்கு வந்த முட்டை

பார்த்ததில்லை. புத்தகத்தில் படம்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் கறுப்பு மையில் கோடு கோடாக. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மனிதக் கருவைக் காட்ட முடியாது. ஆனால் கோழிக் குஞ்சின் குடலும் முட்டைக்குள் இதே கூத்தைத்தான் அடிக்கிறது. அந்த வருஷம் பாடத்திட்டத்தில் கோழிக் கருவும் சேர்ந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. எங்கள் லேப் அட்டெண்டர் கோதண்டம், பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து சைக்கிளில் வருகிறவர், பழைய மரப்பெட்டியில் பல்பு மாட்டி அடைகாக்கும் பெட்டி ஒன்று செய்து கொடுத்தார். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. கரண்ட்தான் சனிக்கிழமையானால் எங்கேயோ போய்விடும்.

என்ன செய்வது? பாதி வளர்ந்த முட்டைகளைப் பஞ்சில் சுற்றி, வென்னீர்ப் பையோடு டிபன் கேரியரில் அடுக்கி, பஸ் பிடித்துத் திருவள்ளூர் கொண்டுபோய், கொல்லைப்புறத்தில் வென்னீர் அடுப்பு ஓரமாக ஒளித்து வைத்தேன். எங்கள் வீட்டுப் படியை முட்டை மிதித்தது அதுதான் முதல் தடவை. அம்மா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். நான் தேசம்மா கதையைச் சொன்னேன். அம்மா விசுக்கென்று உள்ளே போனாள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் நான் கடைத்தெருவுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினால், ஒவ்வொரு முட்டையும் நான் போட்டிருந்த பென்சில் குறி கீழே போகும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இடுக்கி. கொடியில் ஈரப் புடவை. ஈரத் தலையோடு அம்மா நின்றாள்.

"திருப்பித் திருப்பி வைக்கணும்னியேடி. மூணு தரம் திருப்பினேன், மூணு தரம் ஸ்நானம் பண்ணினேன். உன் கோழிக்கு இல்லாத ஜலதோஷம் எனக்கு வந்துடுத்து."

துறைத் தலைவர் ஓடி வந்தது

திங்கட்கிழமை வகுப்பில் முதலில் உடைத்தது கூழ் முட்டை. அதைப் பற்றி எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். இரண்டாவதும் அதுவே. மாணவர்கள் ஒவ்வொருவராகத் 'தண்ணீர் குடிக்க' வெளியே போனார்கள். மூன்றாவதை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வைத்து, ஓட்டை மெல்ல உடைத்து, உள்சவ்வை இடுக்கியால் உரித்தேன். உள்ளே ரத்தக் குழாய்கள் மரக்கிளைகளாக விரிந்து கிடந்தன. நடுவே மூடிய கண்ணும் குட்டி அலகுமாக ஒரு குஞ்சு. அதன் தொப்புளைப் பார்த்தேன். மஞ்சள் கரு தொங்கும் காம்புக்குள், நூல் கண்டு அவிழ்ந்தாற்போல, குடல் வளைவு வளைவாக வெளியே கிடந்தது.

புத்தகம் பொய் சொல்லவில்லை. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தீப்பிடித்துவிட்டது என்று துறைத் தலைவர் மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். "வெளியே இருக்கு சார், வெளியேதான் இருக்கு" என்று அவர் கையைப் பிடித்து இழுத்து லென்ஸைக் கொடுத்தேன். அவரும் குனிந்தவர்தான், மணி அடித்தும் நிமிரவில்லை. வெளியே போன மாணவர்களெல்லாம் திரும்பி வந்து மேஜையைச் சுற்றி நெருக்கினார்கள். சில நாள் கழித்து, பொரிக்கும் பருவத்து முட்டை ஒன்றை உடைத்தேன். குடல் முழுக்க வயிற்றுக்குள் போய் அடங்கியிருந்தது. யாரும் தள்ளிவிடாமல், யாரும் வழி சொல்லாமல் தானாகவே போயிருந்தது. நான் மறுபடியும் கத்தினேன். கோதண்டம் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பரீட்சை பசங்களுக்கா, உங்களுக்காம்மா?"

ரயிலில் ரப்பர் குழாய்

குடல் வெளியே போகிறது என்பதை ஒரு வழியாகக் காட்டிவிடலாம். அது திரும்பி வரும்போது சுற்றிக்கொண்டு வருகிறதே, அதை எப்படிக் காட்டுவது? வயிற்றுக்குள் ஈரல் பெரிதாகி இடத்தை அடைத்துக்கொள்ளும். இடமில்லாத குடல் தொப்புள் வழியாக வெளியே போய் வளரும். இடம் உண்டானதும், கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் முக்கால் வட்டம் சுற்றி, உள்ளே வந்து படியும். வாயால் சொன்னால் ஒருவருக்கும் புரிவதில்லை. லேப் பர்னருக்கு மாட்டும் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

சென்னைக்குப் போகும் பாசஞ்சர் வண்டியில் உட்கார்ந்து, கைப்பையின் வாய் வழியாகக் குழாயை வெளியே விடுவதும், முறுக்குவதும், சுருட்டி உள்ளே தள்ளுவதுமாகப் பழகினேன். ஒரு தடவை சரியாக வந்தது. பெருங்குடல் மாலை போட்டாற்போல மேலே வந்து நின்றது. எனக்குள் ஒரே குதூகலம். எதிரே கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் முடித்து வந்தவர், காக்கிச் சட்டையில் கிரீஸ் கறையோடு, வெகு நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னா கம்பெனி மேடம் உங்களுது? லேடீஸ்கூட ஃபிட்டர் வேலைக்கு எடுக்கறாங்களா?"

நாகம்மா

இத்தனையும் கற்றுக்கொண்டு நான் தயாராக நின்றபோது தேசம்மா வரவில்லை. இரண்டு வாரமாகச் சந்தையிலும் இல்லை. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, நெற்றியில் வட்டப் பொட்டும் கையில் பச்சை குத்தலுமாக, ஓங்குதாங்கான ஒரு அம்மாள் லேபுக்குள் வந்து சுறாக் கூடையைத் தொப்பென்று வைத்தாள். "நான் தேசம்மாவுக்கு மாமியாக்காரி" என்றாள். தேசம்மா எங்கே என்று கேட்டேன். மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறாளாம். "அவ நைனா ஊட்டுக்கு அனுப்பிட்டேன், ஆரம்பாக்கத்துக்கு. பெத்து எடுக்கட்டும். புள்ள நல்லாக் கீதுன்னா வரட்டும், இல்லன்னா அங்கியே இருக்கட்டும்" என்றாள், மீன் விலை சொல்கிற குரலில்.

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ஆனால் கோபப்பட்டு என்ன ஆகும்? மதிய வகுப்புக்கு முட்டைகள் தயாராக இருந்தன. "அம்மா, இங்கே வந்து ஒன்றைப் பாருங்கள்" என்று கூப்பிட்டேன். ஒரு முட்டையைத் திறந்தேன். நாகம்மா லென்ஸை ஒதுக்கிவிட்டு வெறும் கண்ணாலேயே பார்த்தாள். வாழ்நாளெல்லாம் குடலைப் பார்த்த கண்கள். சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் இறுகிவிட்டது.

"இது ஊனக் குஞ்சா?"

"இல்லை, நல்ல குஞ்சு. எல்லாக் குஞ்சும் இப்படித்தான்."

"இன்னொண்ணு ஒட."

உடைத்தேன். அதுவும் அப்படியே. "இன்னொண்ணு" என்றாள். சந்தையில் ஒரு மீனைப் பார்த்துக் கூடையை வாங்குகிற ஆள் இல்லை அவள். மதிய வகுப்பு முட்டைகள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்துக் கோதண்டம் தொண்டையைக் கனைத்தார். நான் காதில் வாங்கவில்லை. கடைசியாக, பொரிக்கும் பருவத்து முட்டையைத் திறந்தேன். வயிறு மூடியிருந்தது. வெளியே குடல் இல்லை. நாகம்மா தன் விரலால் அந்தத் தொப்புளைத் தொட்டுப் பார்த்தாள்.

ரப்பர் குழாயைப் பையிலிருந்து எடுத்துச் சுற்றிக் காட்டினேன். "உங்களுக்கு, எனக்கு, உங்கள் மகனுக்கு, எல்லாருக்கும் தாய் வயிற்றில் இப்படித்தான். இரண்டாம் மாசம் வெளியே போகும். மூன்றாம் மாசம் உள்ளே வந்துவிடும். ஒரு சில குழந்தைகளுக்கு வராமல் நின்றுவிடுகிறது. ஏன் என்று டாக்டர்களுக்கே தெரியாது. வராவிட்டால் அந்த மூன்றாம் மாசத்திலேயே வரவில்லை என்று அர்த்தம்."

 நாகம்மாவின் உதடு அசைந்தது; எதையோ கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. "கெரகணத்துக்கு முந்தின வாரந்தான் அவளுக்கு வளையல் அடுக்கினேன். ஏழாம் மாசம்" என்றாள்.

"அப்படியானால் கிரகணம் வந்தபோது..." என்று ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். நான் முடிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.  கோதண்டம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்கு மடவை குமிஞ்சு கெடந்துச்சு டீச்சர். லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கினு நிக்கறான். அவ மாட்டேன்னுதான் சொன்னா, கெரகணம் அத்தேன்னு. நான்தான், சும்மா அரிடி ஒண்ணும் ஆவாதுன்னு, அவள இஸ்துக்கினு வந்து அரிவாமணைல குந்த வெச்சேன். அப்பால புள்ள அப்படிப் பொறந்ததும் ஊரு கேட்டுச்சு. நான் வாயத் தொறக்கல. அவளும் என்னைக் காட்டிக் குடுக்கல."

ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் இரண்டு பெண்கள் ஒவ்வொருத்தியும் தானே பிள்ளையைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். மருமகளை ஊருக்கு அனுப்பியது அவள் மேலிருந்த கோபத்தால் அல்ல. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான். நான் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் எழுந்தது அவள்தான்.

"கூடய இங்கியே வெச்சுட்டுப் போறேன். ஆரம்பாக்கத்துக்கு ரயிலு எப்போ டீச்சர்?"

பரீட்சைக்குச் சுறா

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போயிற்று. குற்றம் இல்லை என்று நான் நிரூபித்துவிட்டேன். ஆனால் அடுத்த குழந்தை நன்றாகப் பிறக்கும் என்று எந்த முட்டையை உடைத்துக் காட்டுவேன்? மருமகளைத் திரும்பக் கூட்டி வந்த நாகம்மாவிடம் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அப்படியே செய்வதாக அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். மாதம் ஏற ஏற, வகுப்பில் குழாயைச் சுற்றிக் காட்டும்போதெல்லாம் தேசம்மாவுக்கு இது எத்தனையாவது மாசம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

செய்முறைப் பரீட்சை நெருங்கிவிட்டது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். சுறாவின் ஜீரண மண்டலம் கட்டாயம் வைக்க வேண்டும். சொல்லி அனுப்பிய மீன் வரவில்லை. கோதண்டத்தைச் சந்தைக்கு விரட்டினேன். அங்கேயும் ஒரு பால்சுறாகூட இல்லை என்று வந்து நின்றார். துறைத் தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை ஊசலாடியது. அப்போதுதான் வாசலில் நாகம்மா நின்றாள். தலையில் கூடை இல்லை. கையில் ஒரு தட்டு, அதில் வாழைப்பழமும் கல்கண்டும்.

பெண் குழந்தையாம். பொன்னேரி ஆஸ்பத்திரியிலே.  மற்றதை நான் கண்ணால் கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "மூஞ்சிய அப்பாலதான் பாத்தேன் டீச்சர், மொதல்ல தொப்புளத்தான் பாத்தேன். மூடிக்கினு கீது. நர்சம்மா, இன்னா இப்படி மொறச்சுப் பாக்கறேன்னு திட்டினாங்க" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினேன். கல்கண்டு லேப் முழுக்கச் சிதறியது. துறைத் தலைவரும் ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமி, பரீட்சைக்கான சுறாவை நினைவூட்டினார். நானும் ஞாபகம் வந்தவளாக, "சுறா எங்கேம்மா?" என்று கேட்டேன். நாகம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த மாசம் கடல்ல எந்தச் சுறா செத்தாலும் எங்க ஊட்டுக்குத்தான். எம் மருமவளுக்குச் சுறாப்புட்டு பண்ணிப் போட்டாத்தான் பால் ஊறும், நீங்க பசங்களுக்குத் தவளைய அறுத்துக் காட்டுங்க."

சகதொழிலாளிகளே, குடல் பாடத்தை என் வாழ்நாளில் ஒரே ஒருத்திக்குத்தான் நான் முழுசாகப் புரியவைத்தேன், அந்தப் புண்ணியத்தில் என் மாணவர்கள் நாற்பது பேரும் தவளையோடு பரீட்சை எழுதினார்கள்.